ஒரே நம்பர், வேற வேற குணம்

கடலை காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் போதும், நாலு பாத்தி காலி. அதனால எங்க பக்கம் பல தோட்டங்களில் 12 வோல்ட் பேட்டரி, சின்ன ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர் வச்சிருப்பாங்க. நாய் குரைப்பும் பட்டாசுச் சத்தமும் விடிய விடிய ஓடும்.

போன மாசம் ஒரு இடி மழைக்குப் பிறகு எங்க பெட்டி ஊமையாயிடுச்சு. உள்ளே பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று போயிருந்தது. அதே நம்பரில் புதுசு போட்டாங்க. சத்தம் வந்தது, ஆனா தொண்டை கட்டின ஆள் முனகுற மாதிரி. பன்றி அதை மதிக்கவே இல்லை. கிழக்கு மூலையைக் கிளறிட்டுப் போயிடுச்சு.

டவுன்ல ரேடியோ ரிப்பேர் பார்க்கிற அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரிச்சார். "ஒரே மூட்டை விதைதான் தம்பி, எல்லாச் செடியும் ஒண்ணா காய்க்குதா?" பிசி 547 என்றே அச்சடித்திருந்தாலும் ஒன்று பேஸ் கரண்டை 110 மடங்கு பெருக்கும், இன்னொன்று 800 மடங்கு வரை போகுமாம்.

வாய்க்கால் மடையை நினைச்சுக்கோங்க. சத்தம் என்பது கூடிக் குறையும் அலை. மடை பாதி திறந்திருந்தால்தான் தண்ணி கூடவும் குறையவும் இடமிருக்கும். முழுசா திறந்தே கிடந்தால் அலையின் ஒரு பக்கம் வெட்டுப்படும். கரகரப்பு அதுதான். சத்தம் வருவதற்கு முன்னாடியே அந்தப் பாதித் திறப்பை அமைத்து வைப்பதற்குப் பெயர் பயாஸ்.

எங்க பெட்டியில் பேஸுக்கு ஒரே ரெசிஸ்டர். 200 மடங்கு பெருக்குகிற டிரான்சிஸ்டருக்குக் கணக்குப் போட்டது. கலெக்டரில் சரிபாதியாக 6 வோல்ட் நின்றிருக்கும். புதுசு 400 மடங்கு. கரண்ட் இரட்டிப்பாகப் பார்த்து, கலெக்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம் வோல்ட்டுதான் மிச்சம். சூடு ஏறினாலும் இந்தப் பெருக்கம் கூடும், அப்பவும் இதே வம்புதான்.

அண்ணன் பேஸுக்கு ரெண்டு ரெசிஸ்டர் போட்டு அங்கே வோல்ட்டேஜ் ஆடாமல் நிறுத்தினார். எமிட்டருக்குக் கீழே இன்னொன்று. இனி கரண்ட் கூடினால் எமிட்டரில் வோல்ட்டேஜ் ஏறும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுருங்கும். டிரான்சிஸ்டர் தன் மடையைத் தானே குறைத்துக்கொள்ளும். அவர் போட்ட அளவுகளில் 200-க்குப் பதில் 400 மடங்கு டிரான்சிஸ்டரை மாட்டினாலும் கரண்ட் சுமார் 5 சதவீதம்தான் கூடுகிறது. எமிட்டர் ரெசிஸ்டரால் சத்தம் குறைந்துவிடாமல் இருக்க அதற்கு இணையாக ஒரு கெப்பாசிட்டரும் வைத்தார்.

தோட்டத்துப் பெட்டி சித்திரை வெயிலிலும் ஓடணும், மார்கழிப் பனியிலும் ஓடணும், அவசரத்துக்குக் கடையில் கிடைக்கிற எந்த டிரான்சிஸ்டரைப் போட்டாலும் ஓடணும். உங்க வீட்டுப் பிள்ளைங்க ஆம்ப்ளிஃபயர் செஞ்சு பார்த்தாங்கன்னா ஒண்ணு மட்டும் சொல்லுங்க: ரெசிஸ்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.