வியப்புக் கல்

டியூக்ஸ்பரி என்னும் ஊருக்குச் செல்லும் யாத்ரிகர்கள் அங்குள்ள பழைய மடாலயத்தைப் பார்ப்பதற்காகவே செல்கிறார்கள். நானும் அதைப் பார்த்தேன். ஆனால் அந்தப் பிரயாணத்தில் என் மனத்தில் ஆழப் பதிந்த காட்சி மடாலயமன்று; ஒரு சாலைப் பாலத்தின் கால்! இதைக் கேட்டு நேயர்கள் நகைக்கலாம். முதலில் நானும் நகைத்தவன்தான்.

சென்ற கோடை விடுமுறையில், இங்கிலாந்தில் எஞ்சினீயராக இருக்கும் என் தம்பியின் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். க்ளாஸ்டர்ஷயர் ஜில்லாவில், ஸெவர்ன் நதியும் ஏவன் நதியும் கூடுமிடத்தில் அமைந்தது டியூக்ஸ்பரி. சுற்றிலும் பசும் புல்வெளி. வீதிகளில் மரச் சட்டமிட்ட பழைய வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே மடாலயத்தின் சதுர கோபுரம். 1121-ஆம் ஆண்டில் பிரதிஷ்டையான அந்த ஆலயத்துக்குப் பிரான்ஸ் தேசத்திலிருந்து கடல் வழியாகச் சுண்ணாம்புக் கல் கொண்டுவந்தார்களாம். 2007-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நதிகள் பெருகி ஊரைச் சூழ்ந்தபோது, வெள்ளத்தின் நடுவே அது தீவுபோல் நின்றதாம்.

"பார்த்தாயா? தொள்ளாயிரம் வருஷமாக நிற்கிறது! இதைக் கட்டியவர்கள் எந்த மண்ணைப் பரீட்சை செய்தார்கள்?" என்று தம்பியைக் கேட்டேன்.

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் ஏரிக்கரையை அடுத்து நான் வாங்கியிருந்த மனையில் வீடு கட்ட ஏற்பாடு செய்திருந்தேன். இருபது வருஷச் சேமிப்பு அத்தனையும் அதில்தான் போடப் போகிறேன். கடைக்கால் தோண்டுமுன் மண்ணைப் பரீட்சை செய்யும்படி தம்பி பலமுறை எழுதியிருந்தான். நான் அதை வீண் செலவு என்று ஒதுக்கிவிட்டேன்.

அவன் பதில் பேசவில்லை. "சற்றுத் தூரம் வாருங்கள், அண்ணா" என்று மட்டும் சொல்லிக் காரில் அழைத்துச் சென்றான். ட்ரெடிங்டன், ஆஷ்சர்ச் என்ற இரு கிராமங்களை இணைக்கும் சிறு சாலை, எம்-5 என்னும் பெருஞ்சாலையை ஒரு பாலத்தின் மேல் கடக்கிறது. காரை ஓரமாக நிறுத்தி அந்தப் பாலத்தைக் காட்டினான். சாம்பல் நிறக் காங்க்ரீட், அடியில் புல். "இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே!" என்றேன்.

"1998-இல் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தோண்டியபோதுதான் தெரிந்தது" என்றான்.

தரைக்கு மேலே கல்லாக இருந்த தூண், தரைக்குக் கீழே வெளிப்புறத்தில் வெண்மையான குழம்பாக மாறியிருந்தது! பாலம் கட்டிச் சுமார் முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த வட்டாரத்தில் வேறு பல பாலங்களிலும் இதே நோய் காணப்பட்டது. அரசாங்கம் நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. 1999-இல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. நல்ல வேளையாக எந்தப் பாலமும் இடிந்து விழவில்லை.

அந்த வெண் குழம்பின் பெயர் தாமஸைட். ஸ்வீடன் தேசத்து மலைச் சுரங்கமொன்றில் கிடைத்த தாதுவுக்கு 1878-இல் நார்டென்ஷெல்ட் என்ற அறிஞர் இட்ட பெயர் இது. 'வியத்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. வியப்புக்குத் தக்க காரணம் உண்டு.

நான் வகுப்பில் ஸிலிகேட்டுகளை ஓர் அத்தியாயமாகவும் கார்பனேட்டுகளை வேறோர் அத்தியாயமாகவும் கற்பிக்கிறேன். களிமண்ணும் அப்பிரகமும் முதல் குடும்பம். சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும் இரண்டாவது. இரு குடும்பமும் ஒரே படிகத்தில் குடியேறுவது அபூர்வம். வட அயர்லாந்தில் ஸ்காட் குன்று என்ற இடத்தில், உருகிய பாறை சீமைச் சுண்ணாம்பைச் சுட்டதன் விளைவாக அத்தகைய தாது ஒன்று உண்டாகியிருக்கிறது. அதற்கு ஸ்காடைட் என்றே பெயர். ஆனால் தாமஸைட்டுக்கு நெருப்பு வேண்டாம், குளிரே போதும். அதில் ஸிலிகேட், கார்பனேட் இரண்டோடு கந்தகத்தின் ஸல்பேட்டும் சேர்ந்திருக்கிறது. எடையில் நூற்றுக்கு 43 பங்கு நீர்!

ஸிமெண்ட் எப்படிப் பிறக்கிறது? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் சுடுகிறார்கள். கரியமில வாயு வெளியேறுகிறது. சுண்ணாம்பு மணற்சத்தோடு கலந்து ஸிலிகேட்டாகிறது. நீர் விட்டதும் அதுவே இறுகி ஜல்லியையும் மணலையும் பிணைக்கிறது.

பாலம் கட்டியபோது தோண்டிய களிமண்ணையே தூணைச் சுற்றி மீண்டும் நிரப்பினார்கள். அந்த மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருந்தது. காற்றும் நீரும் பட்டு அது ஸல்பேட்டாயிற்று. காங்க்ரீட்டில் கலந்திருந்த சுண்ணாம்புக் கல் ஜல்லி கார்பனேட்டைக் கொடுத்தது. ஈரமும், 15 டிகிரிக்குக் குறைந்த குளிரும் துணை நின்றன. சாதாரண ஸல்பேட் அரிப்பு ஸிமெண்டின் அலுமினியச் சத்தைத் தாக்கும். இதுவோ பிணைக்கும் ஸிலிகேட்டையே தின்றுவிடுகிறது. பழுதான பகுதிகளை நீக்கித் தூண்களைச் செப்பனிட்டார்கள்.

"நம் ஊர் வெப்பத்தில் இந்தக் கல் எளிதில் விளையாதே?" என்று கேட்டேன், என் கட்சியை விட மனமில்லை.

"விளையாது, அண்ணா. ஆனால் ஸல்பேட் உப்பு நிறைந்த மண் நம் நாட்டிலும் உண்டு. அது வேறு வழியில் காங்க்ரீட்டைக் கெடுக்கும். உங்கள் மனையில் அது இருக்கிறதா, இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மாணவர்களிடம், 'ஊகிக்காதே, சோதித்துப் பார்' என்று தினமும் சொல்கிற வாய் அப்போது அடைத்துப் போயிற்று.

அன்றிரவே ஊருக்கு டெலிபோன் செய்து கடைக்கால் வேலையை நிறுத்தினேன். மேஸ்திரிக்குக் கோபம். திரும்பி வந்ததும் மனையின் மண்ணையும் கிணற்று நீரையும் பரீட்சைக்கு அனுப்பினேன். இரண்டிலும் ஸல்பேட் மிகுதி என்று பதில் வந்தது. அந்த உப்பைத் தாங்கும் தனி வகை ஸிமெண்டைக் கொண்டு, ஒரு மாதம் தாமதமாக, கடைக்கால் போட்டோம். மண் பரீட்சைக்குக் கொடுத்த ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.