பாலில் ஒட்டிய விமானம்

லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையின் இரைச்சல் சாலிஸ்பரி ஹால் மாளிகையின் அகழிவரை வருகிறது. ஹார்ட்ஃபோர்ட்ஷையரில், லண்டன் கோல்னி கிராமத்துக்குப் பக்கத்தில், வயல்களை ஒட்டி நிற்கும் பழைய வீடு அது. போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1939 அக்டோபரில், டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஆர். இ. பிஷப் தன் குழுவோடு இங்கே வந்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் தானியக் களஞ்சியம் என்று தோன்றும்படி அமைத்த கொட்டகையில் அவர்கள் உருவாக்கிய விமானம்தான் மஸ்கிட்டோ. உடலும் இறக்கையும் மரம். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு. ஆனால் நாற்காலி செய்பவர்களும் பியானோ செய்பவர்களும் நாடெங்கும் இருந்தார்கள். 1940 நவம்பர் 25 அன்று நிறுவனரின் மகன் ஜெஃப்ரி அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். பிறகு நடந்த சோதனைகளில் அது ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைவிட வேகமாகப் போனது.

டபிள்யூ4050 என்ற அந்த முதல் விமானம் இப்போது அதே வளாகத்தில், டி ஹாவிலாண்ட் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 7,781 மஸ்கிட்டோக்கள் செய்யப்பட்டன. அவற்றுக்கெல்லாம் மூத்தது இது. போருக்குப் பிறகு இதையும் அழித்துவிடத்தான் இருந்தார்கள். நிறுவனத்தில் வேலை பார்த்த பில் பேர்ட் என்பவர் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். பிறகு இந்த மாளிகையை வாங்கிய வால்டர் கோல்ட்ஸ்மித், இங்கே என்ன நடந்தது என்று தெரியவந்ததும், விமானத்தைப் பிறந்த இடத்துக்கே வரவழைத்தார். 1959 மே மாதம் அருங்காட்சியகம் திறந்தது. அரசு திட்டமிட்டு எதுவும் செய்யவில்லை. இரண்டு மனிதர்களின் பிடிவாதத்தில் பிழைத்த பொருள் இது என்பதை அதன் முன்னால் நிற்கும்போது என்னால் மறக்கவே முடியாது.

நான் போனது விமானத்தைப் பார்க்க மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொள்பவர்களைப் பார்க்க. பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், ஓய்வுபெற்றவர்கள். என்னை அழைத்துப்போனவர் மர வேலைக்காரர். விரல் நுனிகளில் பழைய பிசின் கருத்துப்போய் ஒட்டியிருந்தது. விமானத்தின் வேகம், குண்டு, வீரதீரம் எதையும் அவர் பேசவில்லை. முதல் அரைமணி நேரமும் பசையைப் பற்றியே பேசினார்.

மஸ்கிட்டோவின் உடல் இடம், வலம் என்று இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டது. அச்சின்மேல் முதலில் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை. அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு பால்சா மரம். அதன்மேல் இன்னொரு பிர்ச் பலகை. மூன்றையும் பசை போட்டு, எஃகுப் பட்டைகளால் இறுக்கிக் காயவிடுவார்கள். பாதிகள் திறந்து கிடக்கும்போதே உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பூட்டிவிட்டு, பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். பால்சா வலு குறைந்த மரம், நகத்தால் அழுத்தினாலே குழி விழும். ஆனால் இரண்டு கெட்டியான பலகைகளுக்கு இடையே இடம் மாறாமல் ஒட்டி நின்றால், அந்தச் சுவர் வளைய மறுக்கும். அந்த ‘ஒட்டி நின்றால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பயன்பட்ட பசை கேசீன். பாலிலிருந்து எடுக்கும் புரதம். பாலால் ஒட்டிய விமானம் பெர்லின்வரை போய் வந்தது. ஆனால் கேசீனுக்கு ஈரம் ஆகாது. பூஞ்சை அதைத் தின்னும். பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு பசைகளுக்கு மாறினார்கள். இந்த வகையில் ஏரோலைட் என்ற பசையை உருவாக்கியவர் நார்மன் டி புரூய்ன், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டில் இருந்தவர். ஒரு பரப்பில் பசையும் மறு பரப்பில் கெட்டியாக்கும் அமிலமும் தடவி, இரண்டையும் சேர்க்க வேண்டும்.

இந்த வேதியியலுக்கு இந்தியாவோடு ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 1944 இல் இந்திய–பர்மா போர்முனையில் மஸ்கிட்டோக்கள் சில, பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. விமானிகள் இறந்தார்கள். நவம்பரில் அங்கிருந்த மஸ்கிட்டோக்களைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். ஹியர்வர்ட் டி ஹாவிலாண்ட் தலைமையில் ஒரு குழு வந்து ஆராய்ந்தது. பசை கெட்டுப்போகவில்லை, மழைக்கால ஈரத்தில் மரம்தான் சுருங்கி விரிந்தது என்றது ஒரு தரப்பு. தொழிற்சாலையில் பலகைகள் சரியாகப் பொருந்தாமலே ஒட்டப்பட்டிருக்கின்றன என்றது இன்னொரு விசாரணை. மரவேலைக்காரரிடம் கேட்டேன். பொருந்தாத இடைவெளியைப் பசையால் நிரப்பினால் எந்தப் பசையும் நிற்காது என்றார். வானிலையின்மேல் பழி போடுவது எளிது, கைவேலையின்மேல் போடுவது கடினம். நானும் அவர் கட்சிதான்.

இன்று அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் பழுதுபார்க்கும்போது முதலில் செய்வது காதுகொடுத்துக் கேட்பது. சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ பலகையைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஓசை கணீரென்று வருகிறது. விட்டுப்போன இடத்தில் மந்தமாக, பொத்தென்று. அந்த எல்லையைப் பென்சிலால் குறிக்கிறார்கள். ஒட்டு விட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாகச் சீவி, அதே சரிவில் சீவிய புதுப் பலகையைப் பொருத்துகிறார்கள். பலகையின் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு போக வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பலகைக்கு 24 மில்லிமீட்டர். உளியும் இழைப்புளியும் கூர் இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்துவிடும். இதற்கு மேல்தான் மடபோலம் என்ற மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தி, டோப் என்ற பூச்சைப் பூசி, வண்ணம் அடிக்கிறார்கள். அந்தத் துணி கோதாவரிக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலை இருந்த மடபொல்லம் என்ற ஊரின் பெயரில் வருவது. 

எது அசல் என்ற கேள்விக்கு டபிள்யூ4050 தானே பதில் வைத்திருக்கிறது. 1941 பிப்ரவரியில் பாஸ்கோம் டவுன் தளத்தில் மேடுபள்ளமான தரையில் ஓடியபோது பின்சக்கரம் சிக்கி உடல் பிளந்தது. அடுத்த விமானமாக உருவாகிக்கொண்டிருந்த டபிள்யூ4051 இன் உடலை எடுத்து இதற்கு மாட்டினார்கள். இன்று நாம் காண்பது முதலில் பறந்த உடல் அல்ல. அதனால் இது பொய்யாகிவிடவில்லை. அந்த விபத்தும் மாற்றமும் இதன் வாழ்க்கைதான். பழுதுகளை அழிக்காமல் வைத்திருப்பதில் இங்குள்ளவர்கள் காட்டும் கறார் எனக்குப் பிடித்தது.

பக்கத்திலேயே டிஏ122 என்ற இன்னொரு மஸ்கிட்டோ. உடல் நெதர்லாந்திலிருந்து வந்தது. இறக்கை இஸ்ரேலில் கிடைத்த வேறொரு மஸ்கிட்டோவினுடையது. பல பத்தாண்டுகளாக இரண்டையும் சேர்த்து முழு விமானமாக்குகிறார்கள். நியூசிலாந்தின் ஆர்ட்மோரில் வேறு வழி பிடித்தார்கள். கிளின் பவல் என்பவர் மஸ்கிட்டோ உடலுக்கான அச்சுகளை மறுபடி செய்து, புது மரத்தில் உடல் உருவாக்கினார். கேஏ114 என்ற விமானம் 2012 இல் அங்கிருந்து பறந்தது. அதைப் பறக்கக் காண்பதில் எனக்கு மறுப்பில்லை. எஞ்சின் உறுமலைக் கேட்காமல் இந்த விமானத்தின் குணம் முழுதாகப் புரியாது. ஆனால் டபிள்யூ4050 ஒருநாளும் பறக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். பறக்க வேண்டுமானால் சந்தேகமான ஒவ்வொரு பலகையையும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, 1940 இல் ஒருவர் கைவைத்து அழுத்திய ஒட்டு எங்கே இருக்கும்?

காமெட் ஜெட் பயணிகள் விமானத்தின் உடல் ஒன்றும் இங்கே இருக்கிறது. சதுர ஜன்னல்கள். 1954 இல் இந்த வகை இரண்டு, இத்தாலியக் கடலில் சிதறி விழுந்தன. ஃபார்ன்பரோவில் ஒரு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்புகளின் மூலையில் விரிசல் தொடங்குவது தெரிந்தது. அந்தத் தகடுகளையும் ரெடக்ஸ் என்ற பசையால் பிணைத்திருந்தார்கள். அதையும் கண்டுபிடித்தவர் அதே டி புரூய்ன்தான். மரத்திலிருந்து உலோகத்துக்கு நகர்ந்தபோதும் டி ஹாவிலாண்ட் ஒட்டும் கலையை விட்டுவிடவில்லை.

மாலையில் பட்டறையில் ஒரு சிறு மூடிக்குப் பசை போட ஏற்பாடு நடந்தது. அதற்கு முன் மாதிரி ஒட்டு. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, பிறகு வைஸில் பிடித்து உடைப்பார்கள். உடைவது பசைப் படலத்திலா, மரத்திலா என்று பார்க்க வேண்டும். பசையில் பிரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டியது எதையும் நம்பக்கூடாது. முந்தின வாரத்து மாதிரியை இளைஞர் ஒருவர் உடைத்தார். மரம் கிழிந்தது, நார்கள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. மரவேலைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, தேதியையும் கலவை எண்ணையும் இரண்டு துண்டுகளிலும் எழுதச் சொன்னார். பிறகு புதுப் பசை கலந்து, மூடியில் மெல்லிய படலமாகத் தடவினார். கிளாம்புகள் வரிசையாக ஏறின. கடைசிக் கிளாம்புக்கு ஆள் போதவில்லை. மறுமுனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதிகம் இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடும், ஒட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, போதும் என்று சொல்லும்போது நிறுத்துங்கள் என்றார்.