புதிதாக வாங்குவதா, பூட்டிய வீட்டைத் திறப்பதா?

ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கூடினால் இப்போது இந்தப் பேச்சுத்தான். திருநெல்வேலியிலோ கோண்டாவிலிலோ ஒரு வீடு வாங்கிவிட்டால் யாழ். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை அறையாகக் கொடுக்கலாம், மாதாமாதம் காசு வரும். இங்கே இரண்டாவது வீடு வாங்கியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபின் அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 யூலையில் 5 வீதமானது. வாடகை போதாமல் சம்பளத்திலிருந்தும் போட்டு மோற்கேஜ் கட்டிய குடும்பங்கள் எங்களுக்குள் பல.

ஊரில் வாங்குவது அதைவிடப் பாதுகாப்பானதல்ல. வாடகை ரூபாயில் வரும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ஆனது. அதே வாடகை டொலர்க் கணக்கில் ஏறக்குறையப் பாதியாயிற்று. இங்கே கடனெடுத்து அங்கே வாங்கினால் அந்த இழப்பு முழுவதும் உங்கள் தலையில்தான்.

உறுதி யார் பெயரில் என்பது அடுத்த சிக்கல். இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது; இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. அதை எடுக்காமல் ஒன்றுவிட்ட தம்பியின் பெயரில் எழுதுவோர் காசையும் உறவையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்கள். கூட்டுக் காணியில் ஒரு பங்கென்றால், தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறது.

என்னைக் கேட்டால், புதிதாக வாங்கவே வேண்டாம். அம்மா அப்பா காலத்தோடு பூட்டுப்பட்ட வீடுகள் ஊருக்கூர் கறையான் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தி ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். ஆசைப்பட்டு அறைகளைப் பெருக்காதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மலக்குழித் தண்ணீர் இலகுவில் கிணற்றுக்குப் போய்விடும். அந்தக் கிணற்றில்தான் அயலும் குடிக்கிறது.

சும்மா இருக்க விடுவதிலும் ஆபத்து உண்டு. உரிமையாளரை ஏற்காமல், தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் காணிக்கு உரிமை கோரச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் வாடகைக்கு இருப்பவரோ உங்களை உரிமையாளராக ஏற்றுத்தான் குடியிருக்கிறார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் பதிவைப் பாருங்கள். வாடகை சிறிதானாலும் பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்குங்கள்.