எந்தக் கம்ப்யூட்டர் ஒசத்தி?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், உங்களில் நாலைந்து பேராவது போன் போட்டுக் கேட்பீர்கள். "டீச்சர், பையன் காலேஜ் போறான். எந்த லேப்டாப் வாங்கலாம்?" நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துக்கொள்வேன். ஆனால் இதே கேள்வியை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் "ஆப்பிள்தான்" என்பார். எதிர் இலைக்காரர் "அந்தக் காசுக்கு ரெண்டு விண்டோஸ் வாங்கலாமே" என்பார். பாயசம் ஆறிப்போகும், சண்டை ஆறாது.

இந்தச் சண்டைக்கு ஒரு தாத்தா உண்டு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, மாப்பிள்ளை என்னைக் கேம்பிரிட்ஜில் இருக்கும் கம்ப்யூட்டர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கண்ணாடிக்குள் பூட்டி மட்டும் வைக்கவில்லை. நாமே உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். ஐம்பது வயது தாண்டிய இரண்டு ஆங்கிலேயர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்று, பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சொன்னார், "அத்தை, இவங்க சின்ன வயசுல ஆரம்பிச்ச சண்டை இது. இன்னும் முடியலை." அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

சண்டையில் முக்கியமான கட்சிகள் மூன்று.

முதலாவது, 1981 டிசம்பரில் வந்த பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் கம்பெனி செய்தது. மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க பிபிசி தொலைக்காட்சி ஒரு திட்டம் போட்டது. அதற்கான மெஷின் இது. பள்ளிகள் வாங்க அரசாங்கமே பாதி விலை கொடுத்தது. உறுதியான பெட்டி, நல்ல கீபோர்டு. ஆனால் கொஞ்சம் வசதியான 'பி' மாடலின் விலை 399 பவுண்டு.

இரண்டாவது, 1982 ஏப்ரலில் கிளைவ் சின்க்ளேர் கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். ரப்பர் சாவிகள், நோட்டுப்புத்தகம் அளவுதான். 16 கே மாடல் 125 பவுண்டு, 48 கே மாடல் 175 பவுண்டு. 48 கே என்றால் எவ்வளவு? நீங்கள் தினமும் காலையில் எனக்கு அனுப்பும் ரோஜாப்பூ வணக்கப் படம் இதைவிடப் பெரியது.

மூன்றாவது, அதே 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த கமடோர் 64. நினைவகம் 64 கே. அதற்குள் இருந்த 'சிட்' என்ற இசைச் சில்லு ஒரே நேரத்தில் மூன்று குரலில் வாசிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்றும் அதை வைத்து இசையமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் இது ஸ்பெக்ட்ரத்தைவிட விலை கூட.

பள்ளி மைதானத்தில் சண்டை எப்படி நடக்கும்? கமடோர் கட்சி, "உன் ஸ்பெக்ட்ரத்துல கலர் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்குதே" என்னும். ஸ்பெக்ட்ரம் கட்சி, "உன்னதுல பேசிக் மொழியில ஒரு கோடு போடக்கூடக் கட்டளை கிடையாதே" என்னும். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு பிபிசிக்காரனை, "உன்னது வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டர்" என்பார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது, மூன்று குற்றச்சாட்டுமே கிட்டத்தட்ட உண்மை என்பதுதான். அந்தக் கலர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சிலேட்டை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம்.

ஸ்பெக்ட்ரம் திரையில் அகலவாக்கில் 256 புள்ளி, உயரவாக்கில் 192 புள்ளி. பெருக்கினால் 49,152. ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று மட்டும் குறித்துவைக்க 6,144 பைட் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு நிறத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால் 18,432 பைட் வேண்டும். 16 கே மெஷினில் மொத்த நினைவகமே 16,384 பைட்தான்! அதனால் திரையை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் என்று வைத்தார்கள். 768 கட்டங்களுக்கு 768 பைட். ஆக, எல்லாம் சேர்த்து 6,912 பைட்டில் கலர் படம் வந்துவிட்டது. பச்சைப் பொம்மை சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் போனால் நிறம் அப்பிக்கொள்வது இதனால்தான். ஏழை வீட்டு அம்மா ஒரு சொம்புப் பாலில் ஆறு பேருக்குக் காபி போடுகிற சாமர்த்தியம் அது. குறை என்று சொன்னால் குறை, கெட்டிக்காரத்தனம் என்று சொன்னால் கெட்டிக்காரத்தனம்.

சரி, இவ்வளவு காரமாக ஏன் சண்டை போட்டார்கள்? எனக்குத் தெரிந்து காரணம் இரண்டு.

ஒன்று சுயநலம். ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய விளையாட்டு இன்னொன்றில் ஓடாது. விளையாட்டெல்லாம் பாட்டு கேசட்டில்தான் வரும். நண்பனும் அதே மெஷினை வாங்கினால்தான் கேசட்டை மாற்றிக்கொள்ள முடியும். நண்பனை நம் கட்சிக்கு இழுத்தால் நம் வீட்டு விளையாட்டு இரண்டு மடங்கு.

இரண்டாவது காரணம்தான் பெரியது. ஒரு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும். அதை வாங்கியது அப்பா, அல்லது அம்மா. 399 பவுண்டு கொடுக்க முடியாத வீட்டில் யோசித்து யோசித்து 125 கொடுத்தார்கள். "உன் மெஷின் டப்பா" என்று ஒருவன் சொன்னால், பையன் காதில் அது "உங்க அப்பாவுக்கு வக்கில்லை" என்றுதான் விழும். பிறகு அவன் எதற்காகச் சண்டை போடுகிறான் என்று நினைக்கிறீர்கள்?

இதை நான் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன். புது ஜாமெட்ரி பாக்ஸ் வரும் ஜூன் மாதத்தில் யாருடையது ஒசத்தி என்று பேச்சு வரும். ஓரத்தில் துரு ஏறிய, அக்காவிடமிருந்து வந்த பாக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைதான் "என்னுதுதான் நல்லது" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்லும். அது தகரத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறது.

பெரியவர்களும் இதற்குக் குறைந்தவர்கள் இல்லை. ஏகார்ன் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் கரி, முன்பு சின்க்ளேரிடமே வேலை பார்த்தவர். 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏகார்ன் ஒரு விளம்பரம் கொடுத்தது. சின்க்ளேர் மெஷின்கள் அடிக்கடி ரிப்பேராகித் திரும்பி வருவதாகக் குத்திக் காட்டிய விளம்பரம். சின்க்ளேர் கேம்பிரிட்ஜில் ஒரு மதுக்கடையில் கரியைப் பார்த்து, சுருட்டிய செய்தித்தாளால் அடித்தாராம். 'சர்' பட்டம் வாங்கிய மனிதர்!

இன்னொரு வேடிக்கை. ஸ்பெக்ட்ரம் கட்சியின் வேதம் 'கிராஷ்' என்ற பத்திரிகை. கமடோர் கட்சிக்கு 'சாப் 64'. இரண்டையும் வெளியிட்டது லட்லோ என்ற சிற்றூரின் ஒரே கம்பெனி! தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக் கொடியையும் தைத்துக் கொடுக்கும் நம்மூர் டெய்லர் மாதிரிதான்.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்? கமடோர் 64 கோடிக்கு மேல் விற்றது. பிறகு அந்தக் கம்பெனியே 1994இல் மூடப்பட்டது. சின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை 1986இல் ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஏகார்னும் கடனில் சிக்கியது. ஆனால் பிபிசி மைக்ரோவை உருவாக்கிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்து ஒரு புதுச் சில்லு வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் அது வேலை செய்தது. அதன் பெயர் 'ஆர்ம்'. இந்தப் பதிவை நீங்கள் படிக்கும் செல்போனுக்குள் இருப்பது பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைதான்.

மெஷின்கள் போயின, பிள்ளைகள் நின்றார்கள். ஸ்பெக்ட்ரத்தில் 'மேனிக் மைனர்' என்ற விளையாட்டை எழுதிய மேத்யூ ஸ்மித்துக்கு அப்போது வயது 17. பிபிசி மைக்ரோவின் 32 கேவுக்குள், இரண்டாயிரம் கிரகங்களுக்கு மேல் இருக்கும் 'எலீட்' விளையாட்டை அடக்கிய டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் கல்லூரி மாணவர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு விஷயம் பொது. ஸ்விட்சைப் போட்டால், "என்ன செய்யட்டும்?" என்று கேட்கிற மாதிரி ஒரு வெற்றுத் திரை வரும். நீங்களே ஏதாவது எழுதினால்தான் அது நடக்கும். தன் மெஷின்தான் ஒசத்தி என்று நிரூபிக்க, அதன் உள்ளும் புறமும் படிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் இல்லாமலே நடந்த பாடம் அது.

நம் நாட்டிலும் 1984-85இல் 'கிளாஸ்' திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ வந்தது. நம் பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலில் இல்லை. நம்மிடம் எந்தக் கட்சிக் கம்ப்யூட்டரும் இல்லாததால், சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. "எது ஒசத்தி" என்று சண்டை போடுவதற்கே ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும், பிள்ளைகளே.

ஆகவே என் பதில் இதுதான். கடன் வாங்காமல் எது முடியுமோ அதை வாங்குங்கள். பிள்ளை அதில் படம் மட்டும் பார்க்காமல், எதையாவது தானே செய்துபார்க்க விடுங்கள். பிள்ளை முன்னால் இன்னொரு வீட்டுப் பொருளை "டப்பா" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும்.

கூடவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பீரோவில், "பழசாயிடுச்சு" என்று மூடிவைத்த லேப்டாப் ஒன்று நிச்சயம் இருக்கும். அதில் இருப்பதை அழித்துச் சுத்தம் செய்து, சார்ஜரோடு என்னிடம் கொடுங்கள். இந்த வருஷம் கல்லூரி போகிற, வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத மூன்று பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். வாங்கின மறுநாளே "என்னுதுதான் ஒசத்தி" என்று சொல்வார்கள் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்