நெடும்பின்னல்

மல்லேசுவரத்தில் எங்கள் அண்டை வீட்டுக் கன்னட அம்மையார், குரோஷே ஊசியில் நூலை முதலில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, அதன் பின்னரே ஊசியைச் சங்கிலிக் கண்ணில் நுழைத்து, நூலை இழுத்து, ஊசியில் நின்ற மூன்று வளையங்களுள் இரண்டினூடே புதுநூலை உருவி, மறுபடியும் நூலை வளைத்து எஞ்சிய இரண்டினூடேயும் உருவி, ஒரு நெடும்பின்னலைப் பூர்த்தி செய்து காட்டியபோது, அவ்வித்தையின் சூட்சுமம் பெரும்பாலும் அந்த முதற் சுற்றிலேயே அடங்கியிருப்பதைக் கண்டு ஆனந்தித்தேன். அச்சுற்று இல்லையேல் பின்னல் குட்டையாகிவிடும். துணியும் நெருக்கமாகவே அமையும். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று சங்கிலி ஏறி, அதனையே முதற்பின்னலாகக் கணக்கிடவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு.

விரைவில் உயர்ந்து, காற்றோட்டமும் தருவதால் சால்வைக்கு இப்பின்னல் மிக உகந்தது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்ததை நினைக்கையில், இச்சிறு ஊசியின்மீது எனக்குள்ள மரியாதை பன்மடங்காகிறது.

சிக்பேட்டையிலிருந்து பருத்தி நூல் வாங்கி வைத்திருக்கிறேன். கற்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் தாராளமாக வரலாம்.