சோழி வைத்துக் கணித்தவர்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில், இயக்கவியல் அலகில், எனக்கு மிகவும் பிடித்த சில பக்கங்கள் உண்டு. வெக்டர்களைச் சொல்லிக்கொண்டே வரும் பாடம், ஓடும் பொருளைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் நின்று, வகை நுண்கணிதத்தையும் தொகை நுண்கணிதத்தையும் அவசர அவசரமாகக் கற்றுக்கொடுத்துவிட்டு மேலே போகிறது. வேறு வழியில்லை. திசைவேகம் என்றால் என்ன என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் அது வேண்டும். கணிதப் புத்தகத்திலோ எல்லையும் வகையிடலும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. கணக்கு வாத்தியார் அங்கே வந்து சேரும் முன்பே ஃபிசிக்ஸ் வாத்தியார் கரும்பலகையில் டிஒய் பை டிஎக்ஸ் எழுதிவிடுகிறார்.

கணிதமே எடுக்காத ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கும் இதே புத்தகம்தான். தாவரவியல், விலங்கியல் வகுப்புகளுக்கு நடுவே அந்தச் சில பக்கங்களைப் பார்க்கிறார்கள். அவர்களில் பலருக்கு நுண்கணிதத்தின் தொடக்கமும் முடிவும் அவ்வளவே. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 இயற்பியலுக்கு என்பதால் சூத்திரங்களை விடவும் முடியாது. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்க நேரமும் கிடையாது.

இந்தப் புத்தகங்கள் இப்போது என் மேஜைக்கு வரக் காரணம் அக்கா மகள். பத்தாம் வகுப்புக் கணக்கில் சென்டம். ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வீட்டில் நாள்தோறும் பேச்சு. "பயோ-மேத்ஸ் எடுத்தா எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம்" என்பது அக்காவின் கட்சி. "மேத்ஸ்ல மார்க் குறைஞ்சா எல்லாமே போச்சு" என்பது அத்தானின் கட்சி. இரண்டு பேரும் எந்தக் கல்லூரி, எந்த வேலை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என்னிடம் வேறொன்று சொன்னாள்: "டென்த்துல புக் பேக் கணக்கு எல்லாத்தையும் மனப்பாடமாப் போட்டுட்டேன் மாமா. ப்ளஸ் ஒன்ல அப்படி முடியாதாம். அதான் பயமா இருக்கு."

அந்த வீட்டில் கணிதத்தைப் பற்றி யாராவது பேசினார்கள் என்றால் அது அவள்தான். மற்றவர்கள் பேசியது அட்மிஷனைப் பற்றி.

அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் புதுச்சேரிக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஜான் வாரன், தென்னிந்தியக் காலக் கணிதத்தைப் பற்றி 'கால சங்கலித' என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். அதற்காக இந்தப் புதுச்சேரிக்காரரை, ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை, உட்காரவைத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் தாளோ எழுதுகோலோ கேட்கவில்லை. தரையில் சோழிகளை வைத்தார், எடுத்தார், இடம் மாற்றினார். அட்டவணைகள் எல்லாம் சொற்களாக நெஞ்சுக்குள் இருந்தன. அந்த ஆண்டு மே 31இல் தொடங்கிய இரவின் கிரகணம் அது. அவருடைய கணிப்பை 1952இல் வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபாவர் எடுத்துச் சரிபார்த்தார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். நடுவில் 23, விடும்போது 52. சோழியும் ஞாபகமும் மட்டும் வைத்துக்கொண்டு!

ஆனால் இந்தக் கணக்கு ஏன் இப்படிப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவர் கையில் இருந்தது தலைமுறை தலைமுறையாகத் தேய்த்து மெருகேற்றிய வித்தை. இருந்தாலும் அந்த வித்தைக்குள்ளே உறங்கும் காரணம் எவ்வளவு அழகானது! நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே விரையும், தொலைவில் தயங்கும். அருகிலிருந்து புறப்பட்டு மறுபடி அருகே வர ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது சுற்றானால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அதனால்தான் வாக்கியப் பஞ்சாங்க மரபில் நிலாவுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று, எழுத்தே எண்ணாக. 249ஆம் நாள் மறுபடி முதல் வாக்கியம். இதை முதலில் கண்டவர் ஒருவர் எங்கோ விழித்திருந்து பார்த்திருக்க வேண்டும், ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி கேட்பவர்கள் மலையாளக் கரையில் இருந்தார்கள். சங்கமகிராமத்து மாதவன் அதே வாக்கியங்களை இன்னும் நுட்பமாகத் திருத்தினார். வட்டத்தின் சுற்றளவுக்கு முடிவில்லாத தொடரும் கண்டார். அவர் வழிவந்த ஜ்யேஷ்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் 'யுக்திபாஷா'வை மலையாளத்திலேயே எழுதினார். விடைகளை அடுக்கிவிட்டுப் போகாமல் ஒவ்வொன்றும் ஏன் உண்மை என்று படிப்படியாகச் சொல்லும் நூல். ஒரு நீளத்தைத் துண்டு போட்டு, துண்டை மேலும் சிறிதாக்கி, எண்ண முடியாத அளவுக்குப் போகும்போது கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வழி. பதினோராம் வகுப்புக் கணிதத்தின் ஒன்பதாம் அத்தியாயம் 'எல்லை' என்று தொடங்குவதும் அதே இடத்தில்தான்.

பத்தாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் சோழிக்காரரின் பக்கம் நிற்கிறார்கள். ஜியோமெட்ரிக்கு எட்டு, கிராஃபுக்கு எட்டு என்று கை பழகிய வேலை. அதுவும் வேண்டியதுதான். அடுத்த பக்கத்தைக் காட்டும் வகுப்பு ப்ளஸ் ஒன். அந்த வகுப்புக்குள் போகலாமா என்பதைப் பதினைந்து வயதில், அட்மிஷன் வரிசையில் நின்றுகொண்டு தீர்மானிக்கச் சொல்கிறோம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து குரூப்பைப் பள்ளியே தீர்மானித்துவிடுவதும் உண்டு. எனக்கு இதில் உள்ளபடியே வருத்தம். காமர்ஸில் வணிகக் கணிதம் எடுப்பவர்களுக்காவது அதில் கொஞ்சம் நுண்கணிதம் கிடைக்கும். ப்யூர் சயின்ஸ் போகிற பிள்ளைக்கு ஃபிசிக்ஸ் வாத்தியார்தான் கதி.

அக்கா மகளிடம் மேத்ஸ் எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. கணிதம் இரண்டாம் தொகுதியைக் கையில் கொடுத்தேன். "எல்லை அத்தியாயத்தை மட்டும் படிம்மா. எடுத்துக்காட்டுக் கணக்குல நாலைஞ்சை, விடையை மூடி வச்சுட்டு நீயாப் போட்டுப் பாரு. தப்பு வந்தாப் பரவாயில்ல. எங்க தப்புன்னு தேடுறது பிடிச்சிருந்தா மேத்ஸ் எடு. மார்க்கைப் பத்தி உங்கப்பாகிட்ட நான் பேசுறேன். பிடிக்கலன்னாலும் வந்து சொல்லு, உங்கம்மாகிட்டயும் நானே பேசுறேன்" என்றேன்.