கதிரவனைக் காணும் கண்ணாடி

ஞாயிறும் திங்களும் வகுக்கப்பட்ட கணக்கின்படி இயங்குகின்றன என்பதைத் திருமறையில் ஓதாத முஸ்லிம் குடும்பம் இல்லை. நம்முடைய நாளும் கதிரவனைக் கொண்டே நடக்கிறது. அது உச்சி சாய்ந்தால் லுஹர்; நிழல் நீண்டால் அஸர்; மறைந்தால் மஃரிப். இத்தனை நெருக்கமான அந்தக் கதிரவனின் முகத்தை மட்டும் நாம் பார்த்ததில்லை. பார்க்கக் கண் இடங்கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தீங்கின்றி அதைப் பார்ப்பதற்குச் சிறியதொரு தொலைநோக்கியை வீட்டிலேயே எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தகைய திருத்தம் நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை வானாய்வகத்திற்கு 1850இல் வந்த 6 அங்குல வில்லைத் தொலைநோக்கி ஒன்று, 1898இல் க்ரப் என்னும் கருவி வல்லுநரால் சூரியனைப் படம்பிடிப்பதற்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டது. கொடைக்கானல் மலையில் அது நிறுவப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், வானம் தெளிந்த நாளெல்லாம் 20 செ.மீ. அகலமுள்ள சூரியப் படங்களை எடுத்து வந்திருக்கிறது. அங்கே சூரிய ஆய்வகம் அமைந்ததற்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் நம் சேலம் மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. மழை பொய்ப்பதற்கும் சூரியனிலுள்ள கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டோ என்று அன்றைய அறிஞர்கள் எழுப்பிய வினாவே, சூரியனை நாள்தோறும் நோக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது. அந்த மலையிலிருந்துதான் 1909இல் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

இனி ராசிபுரத்துக்கு வருகிறேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது, 70 மி.மீ. முகப்பு வில்லையும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். கண்வைக்கும் வில்லையில் திருகி மாட்டுவதற்கென்று சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்றும் பெட்டியில் இருந்தது. "ஹஜ்ரத், இதை மாட்டினால் சூரியனைப் பார்க்கலாமாம்" என்றார். அன்றே அதைக் கல்லில் வைத்து உடைத்துப் போட்டேன்.

காரணம் இதுதான். முகப்பில் விழும் வெயில் முழுவதும் குவியத்தில் சுமார் 6 மி.மீ. அகலமுள்ள வட்டமாகச் சுருங்குகிறது. அங்கே வெப்பம் நூறு மடங்குக்கு மேல் செறிகிறது. அந்தச் சூட்டில் கறுப்புக் கண்ணாடி திடீரென வெடிக்கும். வெடித்த கணத்தில் கண் போய்விடும்.

இதை நூலில் படித்து மட்டும் நான் அறியவில்லை. 1980 பிப்ரவரி 16 அன்று பிற்பகல் கிரகணத்தின்போது, என் சின்னத்தா மகன் வெறுங்கண்ணால் வெகுநேரம் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. ஆதலால் அவனுக்கு அப்போது எதுவும் தெரியவில்லை. மறுநாள் குர்ஆனை விரித்தபோது, பார்க்கிற எழுத்தின் மேலெல்லாம் ஒரு கருமை நின்றது. ஓரத்து எழுத்துகள் தெரிந்தன. நோக்கிய எழுத்து தெரியவில்லை. அந்தக் கருமை இன்றுவரை விலகவில்லை. ஓதுவதில் எங்கள் எல்லோரையும்விட முன்னே நின்றவன் அவன்.

ஆகவே, வெயிலைக் குறைக்கும் வேலை முகப்பு வில்லைக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் அல்ல. சூரிய நோக்கிற்கென்றே செய்யப்படும் மெல்லேடு, ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. அட்டையில் இரண்டு வளையங்கள் வெட்டி, அவற்றின் நடுவே அந்த ஏட்டை இழுத்துக் கட்டாமல் தளர்வாக ஒட்டி, குழலின் வாயில் இறுகப் பொருந்தும் மூடியாகச் செய்தேன். காற்று பெயர்த்துவிடாதபடி பட்டையால் சுற்றினேன். ஒவ்வொரு முறையும் விளக்கொளியில் பிடித்து, ஊசித்துளை உண்டா என்று பார்த்த பிறகே மாட்டுகிறேன். குறிபார்க்கும் சிறு குழலைக் கழற்றிவிட்டேன். அதுவும் கண்ணைச் சுடும். சூரியனைக் குறிபார்க்க நிழலே போதும். தரையில் குழலின் நிழல் மிகச் சிறுத்து வட்டமாகும்போது, குழல் சூரியனுக்கு நேராக நிற்கிறது.

பிள்ளைகள் பலர் கூடினால் வேறு வழி. மெல்லேட்டை எடுத்துவிட்டு, முகப்பு மூடியிலுள்ள 40 மி.மீ. துளையை மட்டும் திறந்து வைப்பேன். வெயில் மூன்றில் ஒரு பங்காகும். 20 மி.மீ. வில்லைக்குப் பின்னால் 30 செ.மீ. தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால், ஏறக்குறைய 9 செ.மீ. அகலத்தில் சூரியன் வந்து அமர்கிறது. குழலருகே ஒருவர் காவல் நிற்க வேண்டும். எவரும் அதில் கண்வைக்கலாகாது.

2024 மே மாதத்தில் தாளின் மேல் பெரியதொரு கரும்புள்ளிக் கூட்டம் தோன்றியது. பூமியைப் போல் பல மடங்கு பெரியது அது என்று சொன்னபோது மதரஸாப் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். நாளுக்கு நாள் அது நகர்ந்து ஓரத்தில் மறைந்ததைக் குறித்து வைத்து, சூரியன் தன்னைத்தானே சுற்றுவதை அவர்களே கணக்கிட்டார்கள். அதே சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்1 திட்டத்தை இயக்கியவர், செங்கோட்டையில் பிறந்த நிகார் சாஜி அவர்கள் என்பதையும் சொன்னேன். அன்று முதல் பெண்பிள்ளைகளே முதல் வரிசையில் நிற்கிறார்கள்.

ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு இந்தக் குழாயோடு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணியிலிருந்த இப்னு ஷாத்திர், 1371இல் அதன் மினாராவில் சூரியக் கடிகாரம் அமைத்தார். இப்னு ஹைதம், துளைவழியே விழும் கிரகண உருவம் பற்றித் தனி நூலே எழுதினார். இளமையில் கிரகணத்தைப் பார்த்துத் தம் பார்வை தளர்ந்ததாக எழுதிய அல்பிரூனி, நேரே பாராமல் நீரில் தெரியும் உருவத்தைப் பார்க்கும்படி கூறினார். இவையெல்லாம் நம் முன்னோர் விட்டுச் சென்ற வேலைதான் என்றேன். பெரியவர் பதில் சொல்லாமல் தாளருகே குனிந்தார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். மகனை இழந்த அந்தத் துயரிலும் நபியவர்கள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவாக அறிவித்தார்கள்; தொழும்படி ஏவினார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல், திருச்சி வழியே வளையக் கிரகணம் சென்றது. சற்று வடக்கேயுள்ள எங்கள் ஊரில் அது பிறையாயிற்று. பல வீடுகளின் கதவுகள் அடைத்திருந்தன. நாங்கள் குசூஃப் தொழுதோம். பிறகு பிள்ளைகளுக்குத் தாளில் அந்தப் பிறையைக் காட்டினோம்.

2027 ஆகஸ்ட் 2 அன்று முழுக் கிரகணத்தின் நிழல் புனித மக்கா நகரைக் கடந்து செல்லும். நம் ஊர்களில் அது மாலையில் பகுதிக் கிரகணமாகவே தெரியும். பெற்றோரே, அன்று பிள்ளைகளை இருட்டறையில் பூட்டவும் வேண்டாம். வெறுங்கண்ணோடு தெருவில் விடவும் வேண்டாம். தொழுகைக்கு அழைத்துச் செல்லுங்கள். அட்டையில் ஓர் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெள்ளைத் தாளில் விழும் உருவத்தைக் காட்டுங்கள். அத்தாட்சியைக் காண்பதும் கண்ணைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்களாகும்.